ஒரு மதிப்பெண் கேள்வியின் மேல் ஏறினேன்

ரோம்
24.9.2023

அன்புள்ள வசந்தி,

உன் நீண்ட மின்னஞ்சலுக்கு உடனே பதில் எழுதாததற்கு ஊர் சுற்றல்தான் காரணம். கண் அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். பேத்திக்கு அகிலா என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அது நம் தலைமையாசிரியையின் பெயர் என்பது உன் மருமகளுக்குத் தெரியுமா? நீ வீட்டில் சொல்லியிருக்க மாட்டாய்.

இனி என் சேதி. "மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் எது?" ஆண்டுதோறும் நீ கேட்ட ஒரு மதிப்பெண் கேள்வி. ஸ்ட்ராம்போலி என்ற எரிமலையின் பெயரைப் பிள்ளைகள் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று விடைத்தாள் திருத்தும்போது எனக்குப் படித்துக் காட்டுவாய். போன வாரம் அந்த விடையின் மேல் ஏறிவிட்டு வந்தேன்.

நேப்பிள்ஸில் இரவுக் கப்பலில் ஏறினால் காலையில் இறக்கிவிடுகிறார்கள். சிசிலிக்கு வடக்கே எயோலியத் தீவுகளில் ஒன்று. தீவில் ஒரு மலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன், மலைதான் தீவு. கடலுக்கு மேலே 924 மீட்டர், கீழே முங்கிக் கிடப்பது அதைவிட அதிகம். தெருக்கள் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அளவுக்குத்தான். பெட்டிகளை ஏற்றிப் போக வந்தது மூன்று சக்கர ஆப்பே வண்டி! நம் உழவர் சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் அதே இனம். கப்பலில் கண் மூடாமல் வந்த எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

மாலை ஐந்து மணிக்கு சான் வின்சென்சோ தேவாலய முற்றத்தில் கூடச் சொல்லியிருந்தார்கள். வழிகாட்டி ஒரு பெண், முப்பது வயது இருக்கலாம். ஒவ்வொருவரையும் காலைத் தூக்கிக் காலணியின் அடியைக் காட்டச் சொன்னாள். மாப்பிள்ளை ஆசையாக வாங்கிய ஓட்டக் காலணி தேறவில்லை. ஓடிப்போய்க் கடையில் கணுக்காலை மூடும் பூட்ஸ் வாடகைக்கு எடுத்து வந்தார். ஹெல்மெட், நெற்றி விளக்கு, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், மேலே காற்றுக்கு ஒரு மேல்சட்டை. எங்கள் வீட்டுக்காரர் இந்த ஏற்பாடுகளையெல்லாம் பார்த்துவிட்டு, "நான் இங்கேயே இருந்து நீங்கள் வருவதைப் பார்க்கிறேன்" என்று கிரானிட்டா என்ற எலுமிச்சை ஐஸோடு உட்கார்ந்துவிட்டார்.

பாதை முதலில் நாணல் புதர்களுக்கு இடையே போகிறது. கறுத்த மண், கறுத்த கல். சில இடங்களில் நாணலின் அடித்தூர் கரியாக இருக்க, அதிலிருந்தே பச்சைக் குருத்து விட்டிருந்தது. சென்ற ஆண்டு மே மாதம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் பற்றிய தீ இந்தச் சரிவைச் சுட்டுப் பொசுக்கியிருக்கிறது. தொடரின் பொருள் என்ன தெரியுமா? பேரிடர் மீட்புத் துறையின் அருஞ்செயல்கள்! ஆகஸ்டில் மழை கொட்டியபோது மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லாமல் சேறு ஊருக்குள் புகுந்துவிட்டது. இதைச் சொல்லும்போதுதான் அந்தப் பெண்ணின் குரலில் கோபம் தெரிந்தது. எரிமலையைப் பற்றி எவ்வளவோ சொன்னாள், அதன்மேல் கோபம் இல்லை.

சிறிது தூரம் வரை யாரும் தாமாகப் போகலாம். 290 மீட்டருக்கு மேல் வழிகாட்டி இல்லாமல் விடுவதில்லை. 400 மீட்டரில் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே பாதை முடிகிற விளிம்புக்கு அப்பால், மலையின் வடமேற்கு முகம் அப்படியே பெயர்ந்து விழுந்த ஒரு பெரும் சரிவு. ஷாரா டெல் ஃபுவோகோ என்று பெயர். மேலே எரிமலையின் வாய்கள், கீழே கடல், நடுவில் ஒரு புல்கூட இல்லை.

நாங்கள் சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் பார்த்தது சாம்பல் நிறப் புகையும் இடி போன்ற ஓசையும் மட்டும்தான். பறக்கிற கற்கள்கூட கறுப்பாகவே தெரிந்தன. "இவ்வளவுதானா?" என்று என் மகள் காதைக் கடித்தாள். சூரியன் கடலில் இறங்கி வெளிச்சம் மங்க மங்கத்தான் நிறம் வந்தது. கறுப்பாக இருந்த அதே கற்கள் அடுத்த வெடிப்பில் மங்கிய சிவப்பாகத் தெரிந்தன, அதற்கடுத்ததில் ஆரஞ்சு. முழு இருட்டில் ஒரு நீரூற்றின் உயரத்துக்குத் தீத்துண்டுகள் எழுந்து, ஒரு நொடி நின்று, சரிவில் விழுந்து உருண்டன. உருளும்போது மோதி மோதிச் சிதறி, ஒவ்வொரு சில்லும் தனித்தனியே அணைகிறது. எல்லாம் அணைந்த பின்னும் கற்கள் கடலை நோக்கிச் சரசரவென்று சரியும் ஓசை வெகுநேரம் கேட்கிறது. படங்களில் இந்த ஓசை கிடையாதே வசந்தி, அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்கு ஆசிரியை சும்மா இருப்பேனா? ஒளி தெரிந்ததும் எண்ணத் தொடங்கினேன். இரண்டு விநாடிக்கு மேல் கழித்துத்தான் ஓசை வந்தது. விநாடிக்கு 340 மீட்டர் என்று வைத்தால் வாய்க்கும் எங்களுக்கும் இடையே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பக்கத்தில் நின்ற ஜெர்மானியப் பையனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அதன்பின் அவன் மலையைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று விநாயகர் சதுர்த்தி என்பது இருட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. சதுர்த்திப் பிறையைப் பார்த்தால் வீண்பழி வரும் என்று அம்மா வாசற்கதவைச் சாத்துவாள். மலைத்தோள் மறைத்ததா, நானே அந்தப் பக்கம் திரும்பவில்லையா தெரியாது, பிறை கண்ணில் படவில்லை.

நீ கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைவாயே, நடுவில் ஒரே குழாயும் மேலே பூப்போல் விரியும் தீயும், அது இந்த மலைக்கு முக்கால்வாசி பொருந்துகிறது. வழிகாட்டி விளக்கியது இது: குழாயில் ஏறும் பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயு, மேலே வர வர அழுத்தம் குறைந்து பிரிகிறது; குமிழிகள் ஒன்றுகூடிப் பெருங்குமிழியாகி வாய்க்கு வந்து வெடிக்கிறது. கேழ்வரகுக் களி கிண்டும்போது 'பொத்'தென்று வெடித்துக் கையில் தெறிக்குமே, அதேதான்; இங்கே சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல். பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி வெடிப்பது அதன் அன்றாட வேலை. வழி தவறாமல் கப்பலோட்ட மாலுமிகளுக்கு உதவியதும் இதனால்தான்.

வேலை மாறும் நாட்களும் உண்டு. 2002 டிசம்பர் 30 அன்று இந்தச் சரிவிலிருந்து பெரும்பகுதி கடலுக்குள் சரிந்து, கரையில் பத்து மீட்டர் உயரம் வரை அலை ஏறியிருக்கிறது. நல்லவேளை, அது குளிர்காலம், ஊரில் ஆள் குறைவு. 2019 ஜூலை 3 அன்று பட்டப்பகலில் பெருவெடிப்பு. மலையில் நடந்துகொண்டிருந்த ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொன்று. அதற்கு முன்பு உச்சிவரை அழைத்துப்போய் வாய்களை மேலிருந்தே காட்டுவார்களாம். அந்த ஜெர்மானியப் பையனின் தாத்தா அப்படிப் பார்த்தவர். பாதியில் நிறுத்துகிறார்களே என்று இறங்கும்வரை புலம்பினார்.

எனக்கு அந்த வருத்தம் இல்லை. பெருவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு மலை நூலளவு உப்புகிறதாம். அதை அளக்கக் கருவிகள் பதித்து, கரையில் எச்சரிக்கைச் சங்கும் வைத்திருக்கிறார்கள். சில நிமிடம் என்றால் உச்சியில் நிற்பவர் எங்கே ஓடுவார்? நம் அந்தமானில் பாரன் தீவு எரிமலை இருக்கிறதே, அங்கே யாரையும் இறங்கவே விடுவதில்லை. கப்பலிலிருந்து பார்த்தால் போதும் என்கிறார்கள். அதற்கும் உச்சிக்கும் நடுவில் இந்த 400 மீட்டர் எனக்குச் சரியாகப்பட்டது. 1930இல் நடந்த பெருவெடிப்புக்குப் பிறகு இவ்வூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களின் வாரிசுகள் அளந்து சொல்லும் எல்லையை நான்கு நாள் வந்து போகிற நாம் குறைசொல்வது அழகில்லை.

இறங்குவதுதான் கடினம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் தூசி பறந்து கண்ணை மறைக்கும், கல் நழுவும். உன் முழங்காலுக்கு 400 ஆகாது, சொல்லிவிட்டேன். படகில் போய்க் கடலிலிருந்து அந்தச் சரிவைப் பார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது, இருட்டிய பிறகு. உனக்கு அதுதான்.

டிசம்பரில் சென்னை வந்துவிடுவோம். அதற்குள் ஒரு உதவி: இவருக்கு ஓய்வூதிய நேர்காணல் தள்ளிப்போயிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உயிர்வாழ் சான்று அனுப்பினால் ஏற்பார்களா என்று கருவூலத்தில் விசாரித்து எழுது. குழந்தையின் படமும் அனுப்பு.

அன்புடன்,
ஜானகி