கடலோர வீடுகளுக்கு ஸ்லாக் சிமெண்ட்: ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு வணக்கம்.

நாகப்பட்டினம் கடலோரத்தில் வீடு கட்டிக்கொடுப்பது என் தொழில். பழைய வீடுகளைப் பழுது பார்க்கவும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: சன்ஷேடுக்கு அடியில் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி பல்லிளிக்கும். போன மழையில் ஒரு வீட்டில் கட்டிலுக்கு நேர் மேலே தளக்காரை விழுந்தது. பிள்ளைகள் அன்று திண்ணையில் படுத்திருந்தார்கள், தப்பித்தார்கள்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறீர்கள். குடிசையில் இருந்தவர்கள் ஆயுளில் ஒருமுறை கட்டும் வீடு அது. கடலோர ஒன்றியங்களின் எஸ்டிமேட்டில் ஸ்லாக் சிமெண்டை, அதாவது இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டை, எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியைத் தொட்டுத் துருவேற்றுகிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். அது உள்ளிருந்து தள்ளித்தான் காரை வெடிக்கிறது. ஸ்லாக் என்பது இரும்பாலை ஊது உலையின் கசடு. உருகிய கசடைத் தண்ணீர் பீச்சிச் சட்டென்று குளிரவைத்தால் மணலாய் உதிரும். அதை அரைத்துச் சேர்த்த சிமெண்டில், சாதாரண சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்போடு கசடும் வினைபுரிந்து துளைகளை நுணுக்கிவிடும். உப்பு உள்ளே இறங்க நாளாகும். கடல்நீரில் நிற்கும் கான்கிரீட்டுக்கு இது நல்லது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 (2000) சொல்கிறது. கசடு சேரும் அளவுக்கு, சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கருக்காகச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுடுவது குறைவதால் கரியமில வாயுவும் குறையும்.

சரி, ஏன் யாரும் போடுவதில்லை? "செட் ஆக லேட்டாகுது சார்" என்பார் மேஸ்திரி. அவர் சொல்வது உண்மை. முதல் வாரம் வலு மெதுவாகத்தான் ஏறும். 28 நாளில் போதிய வலு வந்துவிடும், அப்புறமும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் தளத்தைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங்கை வழக்கமான நாளிலேயே பிரித்தால் தளம் தொய்யும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்றல் (தண்ணீர் ஊற்றிக் கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது) என்றால் இதற்கு 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் வேண்டும். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது. காசில்லாதவர்கள் உப்புக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிவிடுகிறார்கள். எந்தச் சிமெண்டானாலும் அது கம்பிக்குக் கேடு.

அதனால் சிமெண்டின் பெயரை மட்டும் மாற்றி ஆணை போட்டுவிடாதீர்கள். அது பாதி வேலை, ஆபத்தான பாதி. 14 நாள் நல்ல தண்ணீருக்கும், கூடுதல் நாள் சென்ட்ரிங் வாடகைக்கும் எஸ்டிமேட்டில் தனி வரி சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். தளத்துக்கான தவணையை நீராற்றலைப் பார்த்த பிறகு விடுவியுங்கள்.

எஸ்டிமேட் எழுதுமுன் ஒருநாள் இங்கே வாருங்கள். பெயர்ந்து கிடக்கும் சன்ஷேடுகளை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நாகைக் கடலோரக் கட்டடப் பொறியாளர்