தேன்மொழிக்கு

அன்புள்ள தேன்மொழி,

போனில் "டாக்டர் என்ன சொன்னார்?" என்பதோடு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வால்டன்ஸ்ட்ராம் என்ற இந்த ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை தினமும் உள்ளே போகிறது. மூக்கில் ரத்தம் வருவது நின்றுவிட்டது, ரத்தத்தில் ஏறியிருந்த ஐஜிஎம் என்ற புரதமும் இறங்கியிருக்கிறது. ஆனால் 29சி பஸ்ஸில் கம்பி லேசாக இடித்தாலும் கையில் நீலம் கட்டிக்கொள்கிறது. அது மாத்திரையின் கைங்கரியமாம். துடிப்பு தாறுமாறாகிறதா என்று ஈசிஜியும் எடுக்கிறார்கள். பம்பளிமாஸ் ஆகாது என்றார்கள், உன் அம்மா சாத்துக்குடியையும் நிறுத்திவிட்டாள். நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

மஜ்ஜை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டை நீ அன்றைக்கே படித்துவிட்டாய். எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வால்டன்ஸ்ட்ராம் வந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் எம்ஒய்டி88 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. 2012-இல்தான் கண்டுபிடித்தார்கள். காலிங் பெல் பொத்தான் அமுங்கி ஒட்டிக்கொண்ட மாதிரி, 'சாகாதே, பெருகு' என்ற உத்தரவு நோய் பிடித்த செல்லுக்குள் ஓயாமல் அடிக்கிறது. அது போகும் வழியில் இருக்கும் பிடிகே என்ற புரதத்தை மாத்திரை மறிக்கிறது. நோய் ஒழியாது, அடங்கிக் கிடக்கும். நானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

போன தடவை அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரிடம் கேட்டேன், இது என் மகளுக்கு வருமா என்று. அந்த மாறுதல் பிறவியில் வந்ததில்லையாம். வளர்ந்த பிறகு ஏதோ ஒரு செல்லில் உண்டாகி, அதிலிருந்து பெருகிய செல்களில் மட்டும் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் போகாது என்றார். நெருங்கிய ரத்த உறவுக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் நோயே அபூர்வம், கூடுதல் என்றாலும் வருவது அரிதுதான், உனக்குச் சோதனை எதுவும் வேண்டாம் என்றார்.

ஏன் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். ரிப்போர்ட் வந்த வாரம்தான் வேளச்சேரி வீட்டாரை வேண்டாம் என்றாய். வேலை அதிகம் என்றாய். சரி, வேலையாகவே இருக்கட்டும். பெரம்பூரில் பாதிப் பேரிடம் உன் புனே வேலையைப் பற்றிப் பெருமை அடித்தவன் நான், அதைக் குறை சொல்வேனா? பையனைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை போதும், உன் அத்தையை நான் சமாளிக்கிறேன். என் ரத்தத்தை நினைத்து மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே. அத்தனை படித்தவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு இப்போதே டிக்கெட் போடு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட் என்பாய்.

அப்பா