உப்பளத்து அப்பாவுக்கு

கிரெனோபிள், பிரான்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போன வாரம் போனில் அம்மா அழுததிலிருந்து எனக்கு மனதே சரியில்லை. "அப்பாவை ஆறு மாதம் படுத்தியெடுத்த கிருமியோடா வேலை செய்கிறாய்?" என்று கேட்டாள். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். உயிருள்ள காசநோய்க் கிருமி எங்கள் கூடத்தில் கிடையாது. அதன் ஒரு புரதத்துக்கான மரபணுவை மட்டும் ஆபத்தில்லாத ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்க்கிறோம். அது செய்து தரும் புரதத்தைச் சுத்தம் செய்து படிகமாக்குவதுதான் என் வேலை.

நீங்கள் விழுங்கிய மாத்திரைகளில் ஐசோனியாசிட் என்று ஒன்று உண்டு. கிருமி தன் மெழுகுச் சுவரைக் கட்ட உதவும் புரதத்தை அந்த மருந்து எப்படி அடைத்துவிடுகிறது என்று 1998இல் படிகத்தை வைத்துத்தான் கண்டார்கள். இன்று அந்த மாத்திரைக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. வேறு பூட்டுக்கு வேறு சாவி தேட வேண்டும், அப்பா. அதற்கு முதலில் பூட்டை, அதாவது அந்தப் புரதத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த வேலை உங்களுக்குத் தெரிந்த வேலைதான். உங்களுக்குப் பாத்தி, எனக்கு 96 குழிகள் உள்ள உள்ளங்கை அகலத் தட்டு. ஒவ்வொரு குழியிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாய் ஒரு துளி புரதக் கரைசல். துளியிலிருந்து நீர் மெல்ல மெல்லக் குறைய வேண்டும். அவசரப்பட்டால் பொடிதான் மிஞ்சும். வெயில் ஏறினால் உப்பு நைசாகப் போய்விடும் என்பீர்களே, அதேதான்.

எட்டு மாதம் ஒன்றும் விளையவில்லை. ஒருநாள் நுண்நோக்கியில் பளபளவென்று கட்டம் கட்டமாய் நின்றது. மூச்சு நின்றுவிட்டது. ஊசியால் தொட்டேன், நறுக்கென்று உடைந்தது. உப்பு! புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஊசி பட்டால் கற்கண்டு போல நொறுங்காது, பனைநுங்கு போலக் குழையும். தூத்துக்குடி உப்பளத்தில் வளர்ந்த பெண் உப்பைக் கண்டு அழுதேன் என்றால் நம்புவீர்களா?

பிறகு கரைசலை மாற்றி, குளிர் அறையில் வைத்தேன். மூன்றாம் வாரம் மெல்லிய தகடுகள் வந்தன. இந்த முறை தொடவில்லை. திரவ நைட்ரஜனில் உறையவைத்து, இங்குள்ள சின்க்ரோட்ரானுக்குக் கொண்டுபோனோம். 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையம். அதில் சுற்றும் எலெக்ட்ரான்கள்தான் எக்ஸ்-கதிரைத் தருகின்றன. அந்தக் கதிர் படிகத்தில் பட்டுச் சிதறித் திரையில் புள்ளிகளாய் விழும், அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் புரதத்தின் வடிவத்தைக் கணக்கிடுவோம். இரவு இரண்டு மணிக்குத் திரையில் புள்ளிகள் விழுந்தன. உப்பென்றால் தூரம் தூரமாய் நாலைந்து புள்ளிதான் இருக்கும். இது வானம் முழுக்க நட்சத்திரம் வாரி இறைத்தது போல நெருக்கமாக இருந்தது. உங்களை எழுப்பிச் சொல்லத் தோன்றியது. அங்கே விடியற்காலை, நீங்கள் அளத்துக்குக் கிளம்பியிருப்பீர்கள்.

ஊரைச் சுற்றி மலைகள். அம்பாரம் அம்பாரமாய் உப்பைக் குவித்தது போலப் பனி கிடக்கிறது. பனியில் சறுக்கப் போகிறவர்கள் கண்கூச்சத்துக்குப் பயந்து கறுப்புக் கண்ணாடி போடாமல் போவதில்லை. நீங்கள் முப்பது வருடமாக வெறும் கண்ணோடு உப்பளத்து வெள்ளையைப் பார்க்கிறீர்கள். பொங்கலுக்கு ஊர் வரும் தோழியிடம் இரண்டு கண்ணாடி கொடுத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று அம்மாவுக்கு. பெட்டிக்குள் பத்திரப்படுத்தாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்