சளிக் குறிப்போடு எச்சரிக்கையையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சளி, இருமல், மூக்கடைப்புக்கான வீட்டு வைத்தியக் குறிப்புகளை உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் அடிக்கடி வெளியிடுகிறீர்கள், நானும் அவற்றை விடாமல் படிக்கிறவள். அவற்றில் பல நல்ல குறிப்புகள், செலவில்லாதவை, உடம்புக்கு இதமானவை. ஆனால் தேன் கொடுங்கள் என்று எழுதும் இடத்தில் அதை யாருக்குக் கொடுக்கவே கூடாது என்ற வரி இல்லை. ஆவி பிடியுங்கள் என்று எழுதும் இடத்தில் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பே இல்லை. விட்டுப்போகிற இந்த வரிகளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல் இருக்கின்றன, அவற்றில் ரைனோவைரஸ் கூட்டம்தான் பெரியது. இவற்றை அழிக்கும் மருந்து வீட்டிலும் இல்லை, மருந்துக்கடையிலும் இல்லை. உடம்பே ஏழு முதல் பத்து நாளுக்குள் அவற்றை விரட்டிவிடுகிறது, இருமல் மட்டும் சிலருக்கு இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஆகவே "சளியை விரட்டும் வைத்தியம்" என்று தலைப்புப் போடுவதே சரியில்லை. தொண்டை எரிச்சல் குறையும், மூக்கு கொஞ்சம் திறக்கும், ராத்திரி தூக்கம் வரும் என்று எழுதினால் போதும், அதுவே பெரிய உதவிதான். மூன்றாம் நாள் மூக்குச்சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறியதைப் பார்த்துப் பயந்து ஆன்டிபயாடிக் கேட்டு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த நிறம் கிருமியோடு போராடும் வெள்ளணுக்களிடமிருந்து வருவது, அதை மட்டும் வைத்து பாக்டீரியா தொற்று என்று முடிவு கட்ட முடியாது. வைரஸ் மேல் ஆன்டிபயாடிக்குக்கு எந்த வேலையும் இல்லை. தேவையில்லாமல் சாப்பிட்டால் வயிறு கெடும், அதோடு அந்த மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களும் பெருகும்.

தேனுக்கு வருகிறேன். இருமலுக்குத் தேன் உதவுகிறது என்பது பாட்டிமார் சொன்னது மட்டும் இல்லை, குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகளிலும் படுக்கப் போகும் முன் கொடுத்த சிறிதளவு தேன் இரவு இருமலைக் கொஞ்சம் தணித்திருக்கிறது. மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட இருமல் வழிகாட்டுதலிலும் தேனுக்கு இடம் உண்டு, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைத்தான் உங்கள் பக்கம் விட்டுவிடுகிறது. தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை முளைக்க இடம் கிடைக்காது, வந்த வழியே போய்விடும். பிறந்து ஒரு வருடம் ஆகாத குழந்தையின் குடல் இன்னும் அந்தப் பக்குவத்துக்கு வந்திருக்காது, அங்கே அவை முளைத்து நரம்பைச் செயலிழக்கவைக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. முதலில் மலச்சிக்கல், அப்புறம் பால் குடிக்கத் தெம்பில்லாமல் போவது, அழுகுரல் மெலிவது, கழுத்து துவள்வது, கடைசியில் மூச்சுத் தசைகளே சோர்ந்துவிடுவது என்று அது போகும். வீட்டு அடுப்பில் தேனைச் சூடாக்கினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் இதே கதைதான். நாக்கில் ஒரு துளி தடவுவதும் வேண்டாம், ரப்பர் காம்பில் தொட்டுக் கொடுப்பதும் வேண்டாம். சளி பிடித்துத் தூங்காமல் அழும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய்தான் இந்தக் குறிப்பை முதலில் தேடிப் படிப்பாள். அவளுக்கு இந்த வரி கண்ணில் படாமல் போனால் எப்படி?

அந்தத் தாய்க்குச் சொல்ல வேறு வழி இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் வெறும் உப்புநீர்ச் சொட்டை மூக்கில் ஓரிரு துளி விட்டு, இளகிய சளியை ரப்பர் உறிஞ்சு குமிழால் மெதுவாக எடுத்துவிட்டு, அதன் பிறகு பால் கொடுத்தால் குழந்தை மூச்சு முட்டாமல் குடிக்கும். தாய்ப்பாலோ வழக்கமாகக் கொடுத்துவரும் பாலோ, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கலாம். தலைக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துவது பெரியவர்களுக்குச் சரி, கைக்குழந்தைக்கு ஆபத்து.

ஆவி பிடிப்பதைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். அது இதமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு, சூடான ஈரக்காற்று சளியைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவு ஆதாரம் கிடைக்கவில்லை. மறுபக்கம், மடியிலோ மேசை விளிம்பிலோ இருந்த கொதிநீர் சரிந்து தொடையும் வயிறும் வெந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் உண்மை. குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம் என்று நேரடியாக எழுதுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, குழந்தையை நீருக்கு எட்டத்தில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்தாலே ஈரக்காற்று கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு கோப்பை சூடான பானமே நல்ல துணை. 2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஒரே பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி எல்லாமே குறைந்ததுபோல் இருந்தது. மூக்கின் வழியே போன காற்றின் அளவு மாறவில்லை, ஆனாலும் ஆள் தேறியதாக உணர்ந்தார், சளிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

தைலமும் அப்படித்தான். புதினா உப்பு என்கிற மென்தால் மூக்கைத் திறப்பதில்லை, குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி திறந்ததுபோல் உணரவைக்கிறது. அந்த உணர்வுக்காகப் பெரியவர்கள் மார்பில் தடவிக்கொள்ளலாம். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவக்கூடாது, எந்த வயதிலும் மூக்குத் துவாரத்துக்குள் வைக்கக்கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் விட்டு வைக்கவும் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால், கொஞ்சமே ஆனாலும், சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.

உப்புநீர் கொப்பளிப்பதில் சண்டை எதுவும் இல்லை. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் முதல் அரை டீஸ்பூன் உப்பு, தினம் சில தடவை, விழுங்காமல் துப்பத் தெரிந்த வயதினருக்கு. மூக்கை உப்புநீரால் கழுவுவதும் நல்லதே, ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011இல் குழாய் நீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்தார்கள். அரிதிலும் அரிது, இருந்தாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலே தவிர்த்துவிடக்கூடியது.

வைட்டமின் சி பற்றி எழுதாமல் இருக்க முடியாது, ஏனென்றால் லைனஸ் பாலிங் போன்ற நோபல் விஞ்ஞானியே 1970இல் அதைத் தூக்கிப் பிடித்தார். பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தினமும் தவறாமல் எடுப்பவர்களுக்குச் சளியின் நாட்கள் சிறிது குறைகின்றன. மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு மாத்திரையைத் தேடுவதில் பெரிய பலன் தெரியவில்லை.

வீட்டு அலமாரியில் கிடக்கும் மருந்துகளையும் மக்கள் வீட்டு வைத்தியத்தோடு சேர்த்தே எடுக்கிறார்கள், அதனால் இதையும் சொல்கிறேன். மூக்கடைப்பை உடனே திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டுகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்தச் சொட்டாலேயே மூக்கு மறுபடி அடைக்கும், பிறகு சொட்டில்லாமல் தூங்க முடியாது. காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளிக்கான கூட்டு மாத்திரை ஒன்று என்று எடுப்பவர்கள் இரண்டிலும் பாரசிட்டமால் இருப்பதைக் கவனிப்பதில்லை, அளவு மீறினால் கல்லீரல் கெடும். குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அரிதாக ரை நோய் வந்து மூளையையும் கல்லீரலையும் தாக்கும்.

எனக்கு உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான். இனி எந்தச் சளிக் குறிப்பை வெளியிட்டாலும், அது எந்த வயதுக்குக் கூடாது என்பதையும் எப்போது கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அதே கட்டத்துக்குள், அதே எழுத்தளவில் போடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். குழந்தை வேகமாக மூச்சுவிட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், குறைந்துவந்த சளி திடீரென்று மறுபடி மோசமாவது ஆகியவை அடையாளங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் வயதானவர்களும் இன்னும் சீக்கிரமாகவே போய்விடலாம். இடம் போதவில்லை என்றால் குறிப்புகளில் இரண்டைக் குறைத்துவிடுங்கள், இந்த வரிகளைக் குறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி