டெல்டா பல்லுயிர் வரைபடம்: பச்சையை நம்பி முன்னுரிமை வகுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த இடத்தை முதலில் காப்பது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு முடிவுசெய்யும் முறை பரவிவருகிறது. நல்லதுதான். ஆனால் படத்தில் பச்சையாகத் தெரிவதற்கு அதிக மதிப்பெண், வெறுமையாகத் தெரிவதற்குக் குறைந்த மதிப்பெண் என்று போட்டால், காவிரி டெல்டாவில் கணக்கு தலைகீழாகிவிடும்.

கோடியக்கரையையே எடுத்துக்கொள்வோம். வெளிமான் மேய்வது திறந்த புல்வெளியில். அதில் சீமைக் கருவேலம் புகுந்தால் வரைபடம் 'பசுமைப் பரப்பு கூடியது' என்று காட்டும். மானுக்கோ மேய்ச்சல் போய்விடும். பூநாரையும் உள்ளானும் இரை தேடும் சேற்றுவெளி படத்தில் வெறும் தரிசு. மே மாதத்தில் புல் காய்ந்து கருவேலம் பச்சையாக நிற்குமே, அதை வைத்துப் பிரிக்கலாமே என்பார்கள். அங்குள்ள உலர் பசுமைமாறாக் காடும் அப்போது பச்சைதான். வகைக்கு 50 இடங்களையாவது நேரில் பார்த்துக் குறித்து, அவற்றைக் கொண்டு கணினிக்குக் கற்பித்தால்தான் இரண்டும் பிரியும். கணினிக்குப் பாடம் சொல்லித்தந்த அதே 50 இடங்களை வைத்துச் சரிபார்ப்பது, வினாத்தாளை முன்பே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பதற்குச் சமம். சரிபார்க்க வேறு இடங்கள் வேண்டும்.

நீர்நிலைகளில் சிக்கல் இன்னும் கூடுதல். வலசைப் பறவைகள் வந்து சேரும் வடகிழக்குப் பருவத்தில் மேகம் மூடி, சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் ஒளிப்படங்கள் பெரும்பாலும் பயன்படாது. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவும், இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் நவம்பர் படத்தில் புதிதாக நட்ட தாளடி வயலும் மழையில் மூழ்கிய சம்பாவும் ஏரி போலவே தெரியும். மார்ச் நடுவில் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடி, அறுவடையும் முடிந்து, வயலில் உளுந்து நிற்கும் காலம் அது. தண்ணீர் மிஞ்சியிருப்பது குளத்திலும் ஏரியிலும்தான். அப்போதும் ஆகாயத்தாமரை மூடிய குளம் பயிர் நிலமாகவே தெரியும். அதற்கு நேரில் போவதைத் தவிர வழியில்லை.

அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் வெளியிட்ட தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்தவை வெறும் புள்ளிகள். ஊர்க் குளங்களில் எத்தனையோ அந்தப் புள்ளிக்குள் அடங்கிவிடும். ஒரு கட்டத்தின் பக்கம் 10 மீட்டராக அமையும் படத்தில் அரை ஹெக்டேர் குளம் ஏறத்தாழ 7-க்கு 7, அதாவது 49 கட்டங்கள். ஓரத்து 24 கட்டங்களில் கரையும் நீரும் கலந்திருக்கும், நம்பத்தக்கவை 25. போதாததற்கு, 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பாசனத்துக்கென வெட்டிய ஏரிகளையும் நெல் வயலையும் உப்பளத்தையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்குகின்றன. டெல்டாவில் பிறகு என்ன மிஞ்சும்?

பறவைப் பதிவுகளும் ஏமாற்றும். வடுவூரிலும் கோடியக்கரையிலும் குவிந்திருக்கும். பக்கத்து ஊர் ஏரியில் ஒன்றும் இருக்காது. பறவை இல்லை என்பதல்ல, பார்க்க ஆள் போகவில்லை என்பதே அதன் பொருள். 1 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, வெற்றுக் கட்டங்களுக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டும். இன எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் முதல் பத்து இடங்களும் ஒரே மாதிரி ஏரிகளாக அமையலாம். கோரையாறும் பாமணியாறும் கடலோடு சேரும் முத்துப்பேட்டையில் மரங்களில் மிகப் பெரும்பான்மை வெண்கண்டல் என்ற ஒரே இனம். மர வகைகளை எண்ணினால் அது கடைசியில் நிற்கும். ஆனால் அதற்கு ஈடாகச் சுற்றுவட்டாரத்தில் வேறு இடம் இல்லை. ஏற்கெனவே தேர்ந்த இடங்களில் இல்லாத எதை இந்த இடம் சேர்க்கிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும் கணக்கு முறைதான் வேண்டும்.

ஊராட்சிகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர்ப் பட்டியலாக நின்றுவிட்ட அவற்றில் புல எண், கண்ட மாதம், கைப்பேசியில் எடுத்த அமைவிடக் குறி ஆகிய மூன்றையும் சேர்த்தாலே வரைபடத்தில் ஏற்றிவிடலாம். பழைய கிராம வரைபடத்தைப் படத்தின் மேல் பொருத்த மதகு, பாலம், கோயில் மதில் மூலை என அசையாத 8, 10 புள்ளிகளைக் கொள்ள வேண்டும். குளக்கரையைக் கொள்ளக் கூடாது, கரை நகர்ந்திருக்கும். பரப்பளவைக் கணக்கிடும் முன் வரைபடத்தை, தூரத்தை மீட்டரில் தரும் யுடிஎம் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளவும் மறக்கக் கூடாது.

ஒன்று மட்டும் கவனம். நீர்நாய் வளை, கடலாமை முட்டையிடும் இடம் போன்றவற்றின் துல்லியக் குறியைப் பொதுப் பிரதியில் போடக் கூடாது. அதில் 5 கிலோமீட்டர் கட்டமாக மங்கலாக்கிக் காட்டலாம். அசல் வனத்துறையிடமும் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நிலவரைபடப் பணியாளர்கள் சிலர்,
வேதாரண்யம்