எண்ணினால் மட்டும் போதாது, அட்டவணை வரும் தேதியையும் சொல்லுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பொறுப்பில் இருக்கும் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். கல்லூரி ஒன்றில் சமூகவியல் ஆசிரியராக இருக்கிறேன். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு ஏன் தள்ளிப்போனது, எத்தனை முறை தள்ளிப்போனது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளற இந்த மடலை எழுதவில்லை. 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறீர்கள், நல்லது. என் வேண்டுகோள் ஒன்றுதான். எண்ணி முடித்த பிறகு எந்த அட்டவணை எந்த மாதம் வெளிவரும் என்பதை இப்போதே அறிவியுங்கள். சொன்ன தேதியில் வெளியிடுங்கள்.

போன மாதம் என் மாணவி ஒருத்தியின் ஆய்வுக்குழுக் கூட்டம் நடந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். கல்வராயன் மலையிலிருந்து வேலை தேடி வெளியூர் போகும் குடும்பங்களில் பெண்பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகிறது என்பது அவள் தலைப்பு. முதல் அத்தியாயத்துக்கு மாவட்டத்தின் அடிப்படைக் கணக்கு வேண்டும். மொத்தம் எத்தனை பேர், அதில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர். கடைசியாக நடந்த 2011 கணக்கெடுப்பின் அட்டவணையில் கள்ளக்குறிச்சி என்று ஒரு மாவட்டமே கிடையாது, அது 2019-ல் பிரிந்தது. தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை மாவட்டங்களும் அந்த அட்டவணையில் இல்லை.

அவள் பழைய விழுப்புரம் மாவட்டத்தின் ஊர்ப் பட்டியலை அச்செடுத்து வந்தாள். மேசை கொள்ளவில்லை. என் அறைத் தரையில் விரித்து வைத்துப் பென்சிலால் ஊர் ஊராக டிக் அடித்தாள். திருக்கோவிலூர் வட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அன்றைக்கு அந்த வட்டத்தில் இருந்த ஊர்கள் எல்லாமே புது மாவட்டத்துக்குப் போகவில்லை. கண்டாச்சிபுரம் பக்கத்து ஊர்கள் விழுப்புரத்திலேயே இருந்துவிட்டன. ஒவ்வோர் ஊராகப் பிரித்தெடுத்துக் கூட்டினாள். இரண்டு முறை கூட்டல் தப்பியது. பதினோரு நாள் போனது. அரசு ஒரு பக்கத்தில் தர வேண்டிய கணக்குக்குப் பதினோரு நாள்.

கூட்டத்துக்கு வந்த வெளிப் பேராசிரியர் நல்ல மனிதர். அவர் கேட்டதும் நியாயமான கேள்வி. "பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின கணக்கை வச்சுக்கிட்டு இன்னைக்கு ஊரைப் பத்தி எப்படிம்மா பேசுவ?" அவள் தலைகுனிந்து நின்றாள். வழிகாட்டியான என்னிடமும் பதில் இல்லை. அந்தக் கணக்கு எடுத்தபோது அவளுக்கு எட்டு வயது. உங்கள் ஏட்டில் அவள் இன்னும் மூன்றாம் வகுப்புச் சிறுமி.

கணக்கெடுப்பு நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் சொல்லலாம். 2011 அனுபவம் அப்படி நம்ப விடவில்லை. மதவாரி எண்ணிக்கை 2015 ஆகஸ்டில் வந்தது. மொழிக் கணக்கு வர 2018 ஆனது. சாதி விவரமோ வரவே இல்லை. 2011-ல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் 46 லட்சம் சாதிப் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன, பிழை மலிந்திருக்கிறது, பயன்படாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்னது. பிழை இருந்தால் பிழையோடு எங்கள் முன் வைத்திருக்கலாமே. திருத்திப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறோம். எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு 1931-ல் வந்தது. இந்த முறை சாதியையும் கேட்கப்போகிறீர்கள். அதனால்தான் மறுபடி மறுபடி தேதி கேட்கிறேன்.

இது பட்டம் வாங்குபவர்களின் கவலை மட்டும் இல்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஊரகத்தில் 75 விழுக்காடு, நகரத்தில் 50 விழுக்காடு மக்கள் வரை மானிய தானியம் பெறலாம். எத்தனை பேர் என்பதை, கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 2011-க்குப் பிறகு கூடிய மக்கள் அந்தக் கணக்கில் இல்லாததால் பத்து கோடிக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருக்கிறார்கள் என்று பொருளியலாளர்கள் ஜான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2020-லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் உண்டு என்பதால் இந்த வலி நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஜார்க்கண்டில், பீகாரில் தெரியும்.

அப்புறம், எங்களுக்கு நம்பிக்கை குறைந்ததற்கு இந்தத் தாமதம் மட்டும் காரணமில்லை. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வு முடிவுகளைத் தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடாமலே விட்டார்கள். அதே காலத்து வேலைவாய்ப்பு அறிக்கை தாமதமானபோது, தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து இரண்டு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் விலகினார்கள். தேர்தல் முடிந்த பிறகுதான் அந்த அறிக்கை வெளிவந்தது. மக்களிடம் கேட்டுத் திரட்டிய விவரம் மக்களுடையது. அதைப் பூட்டிவைக்கும் உரிமையை யாருக்கும் நாங்கள் கொடுக்கவில்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். களத்தில் இறங்குபவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2011-ல் சுமார் 27 லட்சம் பேர் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர்களில் பலர் என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான். அவர்கள் வெயிலில் நடந்து எழுதியதில் ஒரு பகுதி ஏழு வருஷம் வெளிவராமல் கிடந்ததே என்பதுதான் என் ஆதங்கம்.

மொத்த எண்ணிக்கையை நீங்கள் சீக்கிரமே வெளியிட்டுவிடுவீர்கள். தொகுதி மறுவரையறை அதை நம்பியிருப்பதால் அதற்குக் காத்திருக்க ஆள் உண்டு. கல்வராயன் மலையில் எத்தனை பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், எத்தனை குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயிருக்கின்றன என்ற அட்டவணைகளுக்குக் காத்திருப்பது என் மாணவியைப் போன்ற சிலர்தான். அவர்களுக்காகவே கேட்கிறேன். ஊர்வாரி விவரம், இடப்பெயர்வு, மொழி, சாதி ஒவ்வொன்றுக்கும் மாதம் குறித்து, இப்போதே ஒரு கால அட்டவணை வெளியிடுங்கள். தயவுசெய்து அதன்படி நடங்கள்.

அவள் ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் கள்ளக்குறிச்சி மாவட்டக் கணக்கு வந்துவிடுமா சார் என்று கேட்கிறாள். நீங்கள் ஒரு தேதி சொன்னால் அவளிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு சமூகவியல் ஆசிரியர்