சிறுவுருக்களுக்கு வர்ணம் தீட்டுவதும் கைப்பணியே

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் மட்டக்களப்பில் நடைபெற்ற மாணவர் கைப்பணிக் கண்காட்சி ஒன்றில், உயர்தரம் பயிலும் மாணவர் ஒருவர் கொண்டுவந்த சிறகுள்ள டிராகன் உருவம், “இது கடையில் வாங்கிய பொம்மை” என்று கூறப்பட்டு, மதிப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டது. ஏற்பாட்டாளர்கள் வேண்டுமென்றே அவ்வாறு செய்தார்கள் என்று நான் கருதவில்லை. ஆயினும் அந்த முடிவு தவறானது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மேசையில் வைத்து ஆடப்படும் கற்பனைப் போர் விளையாட்டுகளுக்கென வார்க்கப்படும் சிறுவுருக்களுள் ஒன்றே அந்த மாணவர் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் 1983இல் வெளியிட்ட வார்ஹமர், இவ்வகை விளையாட்டுகளுள் மிகவும் பெயர்பெற்றது. இவற்றில் ஒரு மனித உருவம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரமே இருக்கும். டிராகன் போன்றவை அதற்கேற்பப் பெரியவை. பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் தலை வேறாக, உடலின் இரு பாதிகள் வேறாக, சிறகுகள் வேறாகத் துண்டுகள் பொருந்தியிருக்கும். வர்ணம் என்று பெயருக்கும் எதுவும் இராது.

அத்துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் விழுந்திருக்கும் மெல்லிய வரம்பைக் கத்தியின் முனையால் சுரண்டிய பின்னரே ஒட்டத் தொடங்கலாம். இதற்கான பிளாஸ்டிக் பசை இரு மேற்பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்குவது. இடையில் வர்ணம் இருந்தால் அது பிடிக்காது. சிறகுகளை முதலிலேயே பொருத்திவிட்டால் முதுகுக்கும் சிறகுக்கும் இடையே தூரிகை நுழையாது என்பதால், அனுபவமுள்ளவர்கள் அவற்றைத் தனியாகத் தீட்டி, பொருத்து முனையில் மட்டும் வர்ணம் படாதபடி நாடா சுற்றிவைத்து, இறுதியிலேயே ஒட்டுவார்கள். றெசின் எனப்படும் இறுகும் பிசினிலோ உலோகத்திலோ வார்க்கப்பட்ட சிறகின் பாரத்தைப் பசை மட்டும் தாங்காது. ஆகவே தோளிலும் சிறகின் அடியிலும் நுண்ணிய துளையிட்டு, உள்ளே பித்தளைக் கம்பித் துண்டொன்றை ஊன்றி, சுப்பர் குளூ வைத்து இறுக்கி, எஞ்சும் இடைவெளியை எப்பொக்சிக் களியால் நிரப்ப வேண்டும். சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுவதால், நமது மாரிகாலத்தில் அது எதிர்பார்ப்பதற்கு முன்பே பிடித்துக்கொள்வதுடன், சுற்றிலும் வெண்படலத்தையும் படியவிட்டுவிடும். அதே ஈரக் காற்றில் விசிறிப் பூசும் அடிப்பூச்சும் வெளிறிப் பூத்துப்போவதுண்டு. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ வர்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். குளிர்நாட்டுக் கையேடுகளில் இத்தகைய சங்கடங்களுக்கு விடை தேடிப் பயனில்லை. நம் பிள்ளைகள் தாமாகவே கண்டறிய வேண்டியிருக்கிறது.

வர்ணம் தீட்டுவதில் சிறகுதான் மிகக் கடினமான பகுதி என்பேன். டிராகனின் சிறகுத் தோல் வெளிச்சம் ஊடுருவுவதுபோலத் தோன்ற வேண்டுமாயின், தண்ணீர் கலந்து நன்கு ஐதாக்கிய அக்ரிலிக் வர்ணத்தை ஒன்று காய்ந்த பின் ஒன்றாகப் பல தடவைகள் பூசி, எலும்பின் அருகே செறிவும் ஓரத்தில் மென்மையும் வரும்படி நிறத்தை நகர்த்திச் செல்ல வேண்டும். இறகுள்ள சிறகுக்கு வேறு முறை உண்டு. முதலில் ஐதான கரும்பூச்சை விட்டால் அது பள்ளங்களில் போய்த் தங்கும். பிறகு, தூரிகையில் தோய்த்த வெளிர் நிறத்தைத் துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேலாக உரசினால், இறகின் மேடுகள் மட்டும் நிறம் ஏற்று எழுந்து தெரியும். நிழலும் ஒளியும் பற்றிச் சித்திரப் பாடத்தில் நாம் கரும்பலகையில் கற்பிப்பதையே இந்தப் பிள்ளைகள் ஒரு பெருவிரல் அகலத்துக்குள் செய்து காட்டுகிறார்கள்.

உருவத்தைச் செதுக்கியவர் வேறொருவர் என்பது உண்மைதான். ஆனால் நமது கோயில்களில் திருவிழாவுக்கு முன்னர் கருட வாகனத்துக்கோ அன்ன வாகனத்துக்கோ புதிதாக வர்ணம் தீட்டுபவரும் அந்த மரத்தைச் செதுக்கியவர் அல்லர். பழைய வர்ணத்தைச் சுரண்டி, வெடிப்புகளை அடைத்து, அடிப்பூச்சு இட்டு, சிறகின் ஒவ்வோர் இறகையும் பிரித்துக் காட்டும் அவரைப் பார்த்து, “இது ஆசாரியாரின் வேலை, உமக்கு இதில் என்ன பங்கு?” என்று எவரும் கேட்பதில்லை. அவருக்கு அளிக்கும் மதிப்பில் ஒரு சிறு பங்கையாவது இந்த மாணவருக்கும் அளிப்பதே முறை.

போர் விளையாட்டு என்ற பெயர் இம்மண்ணில் பலருக்கு உவப்பாக இராது. அந்த மனக்கசப்பு எனக்கும் விளங்குகிறது. ஆனால் வடமோடிக் கூத்தில் பாரதப் போரை விடிய விடியப் பார்த்து வளர்ந்த நாம், கற்பனைப் படைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தவிரவும், இவ்வுருவங்களைத் தீட்டுவோரில் பலர் அந்த விளையாட்டை ஆடுவதே இல்லை.

விலை பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. இறக்குமதியாகும் பெரிய டிராகன் ஒன்றை வாங்குவது எல்லா வீடுகளுக்கும் இயலக்கூடியதன்று. எனவே உருவத்தின் அளவுக்கோ விலைக்கோ புள்ளி வழங்காமல், சிறகுள்ள ஒற்றைப் போர்வீரன் உருவத்தையும் டிராகனையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் றெசினைக் கொண்டு அச்சிட்டுக்கொண்டவற்றையும் அனுமதிக்கலாம்; இறுகாத றெசின் தோலுக்குக் கேடு என்பதால், அவ்வேலை கையுறை அணிந்து பெரியவர்களின் மேற்பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போதுமானது.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. உருவம் பொருத்தி வர்ணம் தீட்டுவதற்கெனக் கண்காட்சியில் தனிப் பிரிவு ஒன்று வேண்டும். வர்ணமிட்ட நிலையிலேயே விற்கப்படுபவை உள்ளே வராதிருக்க, சட்டத்திலிருந்து வெட்டாத துண்டுகளையும் இடைநிலை வேலையையும் காட்டும் புகைப்படங்களை மாணவர்கள் உடன் சமர்ப்பிக்கலாம். நடுவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சிறகின் அடிப்பக்கத்தையும் தோள் மூட்டையும்தான். அவசர வேலை அங்கேதான் வெளிப்படும். கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கும்போது, தகுதியான நடுவரைத் தேடி வெளியூர் செல்லவும் வேண்டியதில்லை. அடுத்த கண்காட்சிக்கான விதிகள் பாடசாலைகளுக்கு அனுப்பப்படுவதற்கு முன்னர் பொறுப்பானவர்கள் இதனைப் பரிசீலிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைச் சித்திரப்பாட ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.